ஆயிரம் வெள்ளிக்குள் முதல் மடிக்கணினி

பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுப் பொறியியல் படிக்க என் தம்பிக்கு இடம் கிடைத்ததும், 2025 ஏப்ரலில் வகுப்பு தொடங்குவதற்கு முன் அவனுக்கு ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அம்மாவின் பங்கையும் என் சம்பளத்தில் ஒதுக்கியதையும் சேர்த்து ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டக்கூடாது என்று வீட்டில் முடிவாயிற்று. அவன் கேட்டது இரண்டே. பாடத்துக்கு வேண்டிய மென்பொருள்கள் தடையில்லாமல் ஓட வேண்டும். இரவில் கூட்டாளிகளோடு கொஞ்சம் விளையாடவும் முடிய வேண்டும். இந்த விலையில் கடைகளில் எத்தனையோ மாடல்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றின் அட்டையிலும் ஏறக்குறைய ஒரே வரிகள்தான்: ஐ5 அல்லது ரைசன் 5 செயலி (கணக்கிடும் முதன்மைச் சில்லு), 8 அல்லது 16 ஜிபி நினைவகம் (ரேம்), 512 ஜிபி சேமிப்பகம், முழு எச்டி திரை. விலை மட்டும் அப்போது 700 வெள்ளியிலிருந்து 1,100 வெள்ளி வரை ஏறி இறங்கியது. அந்த வித்தியாசத்துக்கான காரணம் அட்டையில் இருப்பதில்லை. அதை எங்கெங்கே தேட வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ‘கொஞ்சம் விளையாட்டு’ என்பதற்கு ஓர் எல்லை வகுக்க வேண்டியிருந்தது. கடைக்காரரிடம் இந்தச் சொல்லைச் சொன்னால் அவர் உடனே சிவப்பு விளக்கு எரியும் விசைப்பலகையுள்ள கருவியைத்தான் காட்டுவார். எனவே, அடுத்த ஓராண்டில் உண்மையாகவே விளையாடப்போவதை மட்டும் ஒரு தாளில் எழுதித் தரும்படி தம்பியிடம் சொன்னேன். வேலரண்ட், மைன்கிராஃப்ட், டோட்டா 2 என்று எழுதினான். “ஜிடிஏ எல்லாம் வேணாமா?” என்று கேட்டதற்கு, “அது கூட்டாளி வீட்டுல இருக்குக்கா, அங்க போய் விளையாடிக்கிறேன்” என்றான். அந்தத் தாள் எங்களுக்குச் சில நூறு வெள்ளியை மிச்சப்படுத்தியது. அவன் எழுதிய மூன்றும் எளிய கணினிகளிலும் ஓடக்கூடியவை. திரையில் படம் வரைவதற்கென்றே உள்ள தனி கிராஃபிக்ஸ் சில்லு இல்லாமலே, காட்சித் தரத்தைக் குறைத்து வைத்தால், நன்றாக விளையாட முடியும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வேலரண்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள், விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் ஏற்றவிடும் ‘செக்யூர் பூட்’ வசதியும் இயங்கு நிலையில் இருந்தால்தான் விளையாட்டைத் திறக்க விடும். புதுக் கருவிகளில் இது சிக்கலில்லை. இயங்குதளம் இல்லாமல் விற்கப்படும் மலிவு விலைக் கருவியில் யாரோ ஏற்றிக் கொடுத்த விண்டோசில்தான் தொல்லை வரும்.

நான் வேலை செய்யும் அலுவலகத்தில் ஊழியர்களின் கணினிகளைக் கணக்கெடுப்பதும் பழையவற்றைக் கழிப்பதும் என் பொறுப்பு. எதைப் பழுதுபார்த்துத் திரும்பக் கொடுக்கிறோம், எதைக் கழித்துவிடுகிறோம் என்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. எந்தக் கருவியைப் பார்த்தாலும் பின்னர் மாற்றக்கூடியவை எவை, மாற்றவே முடியாதவை எவை என்று முதலில் பிரித்துக்கொள்வேன். திரை, செயலி, எடை, விசைப்பலகை ஆகியவை வாங்கிய நாளில் வந்ததுதான். சேமிப்பகத்தைப் பெரும்பாலும் மாற்றலாம். நினைவகத்தைச் சில மாடல்களில் கூட்டலாம், சிலவற்றில் முடியாது. ஆயிரம் வெள்ளிக்குள் எல்லாம் கிடைக்காது என்பதால், பணத்தை முதல் வகைக்குக் கொடுத்துவிட்டு இரண்டாவது வகையில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்வது என்று தீர்மானித்தேன். கடைகளில் விளம்பரப்படுத்துவது நேர் எதிராக இருக்கிறது. ‘1 டிபி சேமிப்பகம்’ என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். திரையின் தரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது.

செயலியில் ‘ரைசன் 5’, ‘ஐ5’ என்ற பெயர்கள் தனியாக எதையும் சொல்வதில்லை. பின்னால் வரும் எண்ணைப் படிக்க வேண்டும். ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டியின் 7000 வரிசையில் மூன்றாம் இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பு எந்தத் தலைமுறை என்பதைக் காட்டுகிறது. 7520யு என்பதில் மூன்றாவது இலக்கம் 2. அது 2019இல் அறிமுகமான ஸென் 2 வடிவமைப்பு, நான்கு கருக்கள் (ஒரே சமயத்தில் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்), மிகச் சிறிய கிராஃபிக்ஸ் பகுதி. 7530யு என்பதில் அது 3. ஆறு கருக்கள், விளையாட்டுக்குப் போதுமான கிராஃபிக்ஸ். இரண்டின் அட்டையிலும் ‘ரைசன் 5, 7000 வரிசை’ என்றே இருக்கும், கடையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், விலையிலும் பெரிய இடைவெளி இருக்காது. பத்து என்ற இடத்தில் இருக்கும் ஓர் இலக்கத்துக்காகக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது.

ஐ5 தயாரிக்கும் இன்டெலில் ஏமாறும் இடம் வேறு. ‘எச்’ என்று முடியும் செயலிகள் ‘யு’ என்று முடிபவற்றைவிட வலிமையானவை என்று பொதுவாகச் சொல்வார்கள். கணக்கிடும் வேகத்தில் அது சரியே. ஆனால் ஐ5-12450எச் செயலிக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதியில் 48 அலகுகள்தாம். ஐ5-1235யு செயலியில் 80 அலகுகள். தனி கிராஃபிக்ஸ் சில்லு இல்லாத கருவியில் விளையாட நினைப்பவர், அந்த ‘எச்’ எழுத்துக்குக் கூடுதல் பணம் கொடுத்துக் குறைந்த கிராஃபிக்ஸை வாங்கிக்கொள்ள நேரும். என்100 என்ற செயலியுள்ள 400, 500 வெள்ளிக் கருவிகளும் அப்போது இருந்தன. அவை கட்டுரை எழுதவும் இணையத்தில் பார்க்கவும் போதும், உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைக்குத் தாராளமாக வாங்கலாம். பொறியியல் மென்பொருளுக்கு ஆகாது.

நினைவகத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். தனி கிராஃபிக்ஸ் இல்லாத மடிக்கணினியில், படம் வரையும் பகுதிக்கென்று சொந்த நினைவகம் கிடையாது. செயலி பயன்படுத்தும் அதே ரேமிலிருந்துதான் அதுவும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே எத்தனை ஜிபி என்பதற்கு நிகராக, அது எத்தனை பாதைகள் வழியாகச் செயலியை அடைகிறது என்பதும் முக்கியமாகிவிடுகிறது. ஒரே பட்டையாக (துளையில் செருகும் சிறு நினைவகத் தகடு) 16 ஜிபி இருந்தால் ஒரு பாதை. இரண்டு 8 ஜிபியாக இருந்தால் இரண்டு பாதைகள், ஏறத்தாழ இரு மடங்கு வரத்து. சில இன்டெல் செயலிகளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டு பாதைகளும் நிரம்பியிருந்தால் கிராஃபிக்ஸின் பெயர் ‘ஐரிஸ் எக்ஸ்இ’ என்று வரும். ஒரே பாதை என்றால் அதே செயலி வெறும் ‘யுஎச்டி’ என்று காட்டும்.

இதைக் கடையிலேயே சோதிக்க வழி இருக்கிறது. காட்சிக்கு வைத்திருக்கும் கருவியில் டாஸ்க் மேனேஜர் என்ற விண்டோஸ் கண்காணிப்பு மென்பொருளைத் திறந்து, செயல்திறன் பக்கத்தில் நினைவகம் என்பதைத் தட்டினால், எத்தனை துளைகளில் எத்தனை பயன்பாட்டில் உள்ளன என்று வலப்புறத்தின் கீழே எழுதியிருக்கும். இரண்டில் ஒன்று என்றிருந்தால் ஒரு துளை காலி என்று பெரும்பாலும் நம்பலாம். தாய்ப்பலகையோடு (மதர்போர்டு) பற்றவைத்த நினைவகமாக இருந்தால் இந்த எண் சில சமயம் ‘எட்டில் எட்டு’ என்றெல்லாம் விந்தையாக வரும். அதைக் கண்டு குழம்ப வேண்டாம். 16 ஜிபியும் பற்றவைக்கப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் இரு பாதைகளோடுதான் வரும், அப்படியே வாங்கலாம். பற்றவைத்தது 8 ஜிபி மட்டும், கூட்டத் துளையும் இல்லை என்ற மாடல்களைத்தான் முற்றாக ஒதுக்கினேன். விண்டோஸ் 11, உலாவியில் பத்துப் பக்கங்கள், ஒரு காணொளி வகுப்பு என்று திறந்தாலே 8 ஜிபி நிரம்பிவிடுகிறது. அதிலிருந்து கிராஃபிக்ஸுக்கும் பங்கு போக வேண்டும் என்றால் மூன்று ஆண்டுப் படிப்பை அதில் முடிப்பது கடினம்.

திரையை விற்பனைக் குறிப்பில் படித்து அறிய முடியாது, நேரில்தான் பார்க்க வேண்டும். ஒரு சனிக்கிழமை இருவரும் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குப் போனோம். ஒரு கடையில் இரண்டு கருவிகள் அருகருகே இருந்தன. இரண்டிலும் நிறுவனத்தார் போட்ட பளபளக்கும் நீலக்கடல் படம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் படங்கள் திரையின் குறையை மறைக்கவே தேர்ந்தெடுக்கப்பட்டவை என்பது என் எண்ணம். அனுமதி கேட்டு, இரண்டிலும் ஒரு வெற்று ஆவணத்தைத் திறந்து, திரை முழுதும் வெள்ளையாக்கி, ஒளியை முழு அளவுக்கு ஏற்றினோம். ஒன்றின் வெள்ளை தாள்போல இருந்தது. மற்றதன் வெள்ளையில் சாம்பல் படிந்து, கீழ் விளிம்பில் மஞ்சள் ஏறியிருந்தது. பிறகு திரையை மெதுவாகப் பின்னுக்குச் சாய்த்தோம். இரண்டாவது கருவியில் எழுத்து வெளிறி, தம்பியின் பழைய படம் ஒன்றைத் திறந்தபோது முகம் எதிர்மறைப் படச்சுருளில் பார்ப்பதுபோல் நிறம் திரும்பிக்கொண்டது. பார்க்கும் கோணம் குறுகிய பழைய டிஎன் வகைத் திரையில்தான் இப்படி நேரும். ஐபிஎஸ் வகையில் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. இந்த விலையில் ஐபிஎஸ் என்றாலும் பெரும்பாலும் ‘45 சதவீத என்டிஎஸ்சி’ என்று குறிக்கப்படும் மங்கிய நிறத் திரைதான் கிடைக்கிறது. நாங்கள் தேர்ந்தெடுத்ததும் அதுவே. மின்சுற்று வரைபடம் பார்ப்பவனுக்கு அதனால் இழப்பில்லை. வடிவமைப்போ காணொளித் தொகுப்போ படிக்கப்போகிறவர் அதை ஏற்கக்கூடாது, இன்னும் 200 வெள்ளி சேர்த்தாவது முழு எஸ்ஆர்ஜிபி நிறம் காட்டும் திரைக்குப் போக வேண்டும்.

தனி கிராஃபிக்ஸ் சில்லுள்ள ‘கேமிங்’ மடிக்கணினி வேண்டுமா என்பதுதான் வீட்டில் நீண்ட விவாதமாக இருந்தது. ஆயிரம் வெள்ளியை ஒட்டிச் சலுகை விலையில் ஆர்டிஎக்ஸ் 2050 உள்ளவை கிடைத்தன. விளையாட்டில் அவை மிக வேகமானவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 4 ஜிபி கிராஃபிக்ஸ் நினைவகம் புதிய பெரிய விளையாட்டுகளுக்கு ஏற்கனவே இறுக்கமாகிவிட்டது. அதே பெயருள்ள சில்லுக்கு ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு அளவு மின்சாரத்தை அனுமதிக்கிறது என்பதால், இரண்டு கடைகளில் ஒரே பெயரைப் பார்த்து ஒரே வேகம் என்று நினைக்கவும் முடியாது. எங்கள் முடிவைத் தீர்மானித்தது இவை எதுவுமல்ல, எடைதான். தம்பி கல்லூரிக்குப் போக ஈசூனில் ரயிலேறி, ஜூரோங் ஈஸ்ட்டில் மாறி, டோவரில் இறங்க வேண்டும். காலையில் உட்கார இடம் கிடைக்காது. கேமிங் கருவி இரண்டேகால் கிலோவுக்கும் மேல். அதன் மின்னூட்டி ஒரு செங்கல்லை ஒத்த கனத்தில் அரைக் கிலோ. மின்கலம் ஒரு நாள் வகுப்புக்குத் தாங்காது என்பதால் அந்தச் செங்கல்லையும் நாள்தோறும் சுமந்தாக வேண்டும். நாங்கள் எடுத்தது ஒன்றரைக் கிலோ, அதற்கான மின்னூட்டி யுஎஸ்பி-சி வகை. பயணத்தில் கைப்பேசிக்கும் அதுவே போதும். யுஎஸ்பி-சி துளை இருப்பதாலேயே அதன் வழியாக மின்னேற்ற முடியும் என்று எண்ணிவிடக் கூடாது. சில மலிவு மாடல்களில் அந்தத் துளை தரவுக்கு மட்டுமே பயன்படும். துளையருகே மின்கலக் குறி இருக்கிறதா என்று பார்ப்பதோடு, கடையில் ஒரு மின்னூட்டியைச் செருகியும் பார்த்துவிடலாம்.

சேரும் படிப்புக்குக் கல்லூரி என்ன தகுதியுள்ள கணினியைப் பரிந்துரைக்கிறது என்பதை வாங்குவதற்கு முன் படித்துவிடுவது நல்லது. பொறியியல் பிரிவுகளில் பயன்படும் சாலிட்வொர்க்ஸ் போன்ற சில மென்பொருள்கள் விண்டோசுக்கு மட்டுமே உரியவை. மேக்புக் வாங்கிவிட்டுப் பின்னர் ஆய்வுக்கூடக் கணினிக்காகக் காத்திருப்போர் உண்டு.

எங்கே வாங்குவது என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. சிம் லிம்மில் பேரம் பேசலாம், நினைவகத்தையும் அங்கேயே பொருத்தித் தருவார்கள். பெரிய சங்கிலிக் கடைகளில் கருவியைத் தொட்டுப் பார்ப்பது எளிது. இணையத் தளங்கள் செப்டம்பர் 9, நவம்பர் 11 தேதிகளையொட்டி நடத்தும் 9.9, 11.11 விற்பனைகளில் விலை இறங்கும், ஆனால் திரையைச் சாய்த்துப் பார்க்க முடியாது. எங்கு வாங்கினாலும் கேட்க வேண்டிய கேள்வி, இது சிங்கப்பூரில் விற்பதற்கென வந்த உள்ளூர் செட்டா, வெளிநாட்டுச் சந்தைக்கான எக்ஸ்போர்ட் செட்டா என்பது. இரண்டாவது வகையில் நிறுவனத்தின் சிங்கப்பூர்ப் பழுதுபார்ப்பு நிலையம் உத்தரவாதத்தை ஏற்காமல் போகலாம், கடைக்காரர் தரும் உத்தரவாதம் மட்டுமே மிஞ்சும். காட்டப்படும் விலையில் 9 சதவீதப் பொருள், சேவை வரி அடங்கியிருக்க வேண்டும் என்பது விதி. கட்டும்போது வரியைத் தனியாகச் சேர்க்கிறோம் என்றால் எழுந்து வந்துவிடலாம். ‘இலவசம்’ என்று சேர்த்துத் தரும் பை, மவுஸ், வைரஸ் தடுப்புத் தொகுப்பு ஆகியவற்றை வேண்டாம் என்று சொல்லி விலையைக் குறைக்கக் கேட்டோம்; 40 வெள்ளி குறைந்தது. ஆபிஸ் மென்பொருளையும் கடையில் வாங்கவில்லை. மாணவர்களுக்குக் கல்வி நிலையமே அதைத் தருவது இப்போது பரவலாகிவிட்டதால், மாணவர் கணக்கு கைக்கு வரும்வரை பொறுத்திருப்பதில் நட்டமில்லை.

குறையுள்ள பொருளைப் பற்றி நம் சட்டம் சொல்வதைப் பலர் அறிந்திருப்பதில்லை. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள ‘லெமன்’ சட்டத்தின்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்கப்பட்டபோதே இருந்தது என்று கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை விற்றவருடையது. அவர் முதலில் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ வேண்டும். அது முடியாவிட்டால் விலைக் குறைப்போ பணமோ கேட்கலாம். பழைய பொருள்களுக்கும் இது பொருந்தும். மனம் மாறியதால் திருப்பித் தருவதற்கு இதில் இடமில்லை. இரண்டாம் மாதத்தில் எங்கள் கருவியின் வலப்பக்க ஒலிபெருக்கி கரகரக்கத் தொடங்கியபோது, கடைக்காரர் “நேரா சர்வீஸ் சென்டருக்குப் போங்க, எங்களுக்குச் சம்பந்தம் இல்ல” என்றார். ரசீதையும் ஒலியைப் பதிவுசெய்த காணொளியையும் காட்டி, ஆறு மாதம் ஆகவில்லை என்பதை மட்டும் அமைதியாகச் சொன்னேன். கருவியை வாங்கி வைத்துக்கொண்டு அவரே அனுப்பிச் சரிசெய்து கொடுத்தார். அதற்கும் இணங்காதவர்களுக்கெதிராகப் பயனீட்டாளர் சங்கத்தின் உதவியை நாடலாம்.

பழைய கருவி வாங்கலாமா என்றும் யோசித்தோம். நிறுவனங்கள் கழித்து, கடைகள் துடைத்துப் புதுப்பித்து விற்கும் அலுவலக மடிக்கணினிகள் உறுதியானவை, விசைப்பலகை அருமையானது, அப்போது 400 வெள்ளியிலிருந்து கிடைத்தன. விளையாட்டு வேண்டாம் என்பவருக்கு நான் அதையே சொல்வேன். ஆனால் இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட பெரும்பாலான செயலிகளை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவதாக அறிவிக்கப்பட்டிருந்தது. ஏழாம் தலைமுறைக் கருவிகள் நாங்கள் தேடிய மாதங்களில் மலிந்து கிடந்ததற்கு அதுவே காரணம். மின்கலத்தின் நிலையைக் கேட்டு அறிவதைவிட, விண்டோஸ் தானே உருவாக்கித் தரும் பேட்டரி அறிக்கையை எடுக்கச் சொல்லி, வடிவமைத்த கொள்ளளவையும் இப்போதைய முழுக் கொள்ளளவையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இறுதியில் வாங்கியது ரைசன் 5 7530யு செயலி, 14 அங்குல ஐபிஎஸ் திரை, 512 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகம், பற்றவைத்த 8 ஜிபியோடு காலியாக ஒரு துளை உள்ள மாடல். சலுகை போக 829 வெள்ளி. உத்தரவாதம் கெடாது என்று கடையில் எழுதி வாங்கிக்கொண்டு, 8 ஜிபிப் பட்டை ஒன்றையும் வாங்கி வீட்டில் நாங்களே பொருத்தினோம். கருவியை அணைத்து, மின்னூட்டியைக் கழற்றி, அடிமூடியின் திருகுகளை அவை இருந்த வரிசையிலேயே ஒரு தட்டில் அடுக்கினான் தம்பி. பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை விளிம்பில் நுழைத்து நெம்பியதும் மூடி கழன்றது. மின்கலத்தின் இணைப்பியை முதலில் பிடுங்கிவிட்டுத்தான் வேறெதையும் தொட விட்டேன். பட்டையைச் சாய்வாகச் செருகிக் கீழே அழுத்தியதும் இரண்டு பக்கக் கொக்கிகளும் ‘டிக்’ என்று பிடித்துக்கொண்டன. முன்பு வேலரண்ட் சண்டை சூடுபிடிக்கும்போதெல்லாம் நொடிக்கு 60 படங்களைத் தொடவே திணறியது. பட்டை ஏறிய பிறகு அதே அமைப்பில் 90க்கு மேல் நின்றது.

வெப்பத்தைப் பற்றி ஒரு சொல். குளிர்சாதனம் போடாத வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அறையில் இரவிலும் 30 டிகிரி இருக்கும். மெத்தையின்மேல் வைத்து விளையாடினால் அடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டு, சில நிமிடங்களில் செயலி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. மேசையில் வைத்து, பின்பக்கத்தை ஒரு புத்தகத்தின் தடிமனுக்கு உயர்த்தினாலே வித்தியாசம் தெரிகிறது. குளிரூட்டும் மேடை எதுவும் நாங்கள் வாங்கவில்லை. வீட்டில் எப்போதும் மின்னிணைப்பில் இருப்பதால், நிறுவனத்தின் மென்பொருளில் மின்னேற்றத்தை 80 சதவீதத்தோடு நிறுத்தும்படி வைத்திருக்கிறோம். விண்டோஸ் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் கிடைக்கின்றன. அம்மா இப்போது தம் கடிதங்களை அதில்தான் தட்டச்சு செய்கிறார்.

மீதியிருந்த பணத்தில் கம்பியுள்ள ஒரு மவுசும், ஒலிவாங்கியோடு கூடிய தலையணி ஒன்றும் வாங்கினோம். மூவறை வீட்டில் இரவு பதினொன்றுக்குமேல் விளையாட அது இல்லாமல் முடியாது.